பல்லால் இழுத்த முடிச்சு

மெல்ரொனின் முகத்தில் முதல் அடி விழுந்த சத்தம் கேட்டபோது, தர்மிளா செத்துப்போன தங்கச்சி சிவரூபியின் இடது காலில் சப்பாத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். வலது கால் ஏறிவிட்டது. இடது ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் கழற்றியவர்கள் கயிற்றை அவிழ்க்காமல் இழுத்தே கழற்றியிருந்தார்கள். சனிக்கிழமை காலை சிவரூபி குனிந்து போட்ட இரட்டை முடிச்சு சப்பாத்தின் மேல் அப்படியே இருந்தது. அதை அவிழ்த்தால் கால் சுலபமாகப் போய்விடும். தர்மிளா அவிழ்க்கவில்லை. குதிக்காலைப் பிடித்துத் தள்ளினாள்.

"சவத்துக்கு என்னத்துக்கடி சப்பாத்து?" என்றாள் பக்கத்து வீட்டு வீரம்மா. பெட்டியின் கால்மாட்டில் வெள்ளைத் துணிக் கிழிசலோடு நின்றாள். "பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டோணும். சப்பாத்தோட நான் எப்பிடிக் கட்டுறது?"

"கட்ட வேண்டாம்."

"முறை ஒண்டு இருக்குப் பிள்ளை."

"அவளின்ர காலை ஒருத்தரும் கட்ட வேண்டாம் மாமி."

வெளியே இரண்டாவது அடி விழுந்தது. தப்படிப்பவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். அந்த அமைதிக்குள் சுமனின் குரல் மட்டும் வந்தது.

"என்ர தங்கச்சிய ஓட விட்டுக் கொண்டுபோட்டு, மெடலோடயாடா வாறாய், நாயே?"

தர்மிளா சப்பாத்தைக் கையில் பிடித்தபடியே கதவால் பார்த்தாள். முற்றத்துப் பந்தலுக்குள் நீல ரீசேட் போட்ட எட்டுப் பேர் நின்றார்கள். பூநகரி ஓட்டக் கழகத்துக்காரர். வானில் வந்திறங்கி வரிசையாக உள்ளே வந்தவர்கள், இப்போது சுவரோடு ஒதுங்கியிருந்தார்கள். மெல்ரொன் மட்டும் நடுவில். மூக்கிலிருந்து இரத்தம் வாய்க்குள் போனது. வலது கையில் பதக்கம். ஓட்டம் முடித்தவர்களுக்குக் கொடுக்கும் பதக்கம். சிவரூபி முடிக்கவில்லை, அறுநூறு மீற்றர் மிச்சம் இருந்தது. அதைப் பெட்டிக்குள் வைக்கத்தான் அவன் வந்திருந்தான்.

அவன் கொக்கிளாய்க்காரன். மீன்பிடிக் குடும்பம். பூநகரியில் ஐஸ் போடும் இடத்தில் வேலைக்கு வந்து, பின்னேரங்களில் பெடி பெட்டையளை றோட்டில் ஓட விட்டு, மூன்று வருசத்தில் ஒரு கழகத்தை உண்டாக்கியவன். சம்பளம் இல்லாத பயிற்றுநர். எல்லாரும் சேர் என்பார்கள். இப்போது சுமனின் டிப்பர் லொறிக் கூட்டாளிகள் நாலு பேர் அவனைச் சுற்றி நின்று 'கடற்கரையான்' என்றார்கள். மலையகத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் குடியேறிய இந்தக் குடும்பத்தை முதுகுக்குப் பின்னால் 'தோட்டக்காட்டார்' என்று சொல்லி வளர்ந்த வாய்கள்தான் அவை. ஒருவனை அடிப்பதென்றால் இந்த ஊரில் எல்லாரும் ஒரு சாதி ஆகிவிடுவார்கள்.

"விழுந்தவளைத் தூக்கிப் பாத்தனியாடா? தண்ணி குடுத்தனியா?" சுமன் பந்தலுக்குக் கட்டியிருந்த கம்பொன்றைப் பிடுங்கினான். ஓலை சரிந்தது.

"அவ விழேல்லைத் தம்பி," என்றான் மெல்ரொன். மூன்று நாளாக ஒரே வசனத்தைத்தான் சொல்கிறான். "சத்தியமா அவ ஒரு இடமும் விழேல்லை."

கம்பு அவனுடைய தோளில் இறங்கியது.

தர்மிளாவின் கையில் சப்பாத்து கனத்தது. அவன் சொல்வது உண்மை. அது உண்மை என்று அந்த வளவுக்குள் ஐந்து பேருக்குத் தெரியும். ஒருத்தி பெட்டிக்குள் கிடந்தாள். ஒருத்தன் கம்போடு நின்றான். ஒருத்தி குசினிக்குள் இருந்தாள். ஒருவர் பந்தல் மூலையில் குந்தியிருந்தார். மற்றவள் தர்மிளா.

*

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு சுமன் டிப்பரை றோட்டில் நிறுத்திவிட்டுச் சப்பாத்தோடேயே வீட்டுக்குள் வந்தான். சிவரூபி மர வாங்கிலில் இருந்தபடி அடுத்தநாள் ஓட்டத்துக்கான நம்பரை ரீசேட்டில் ஊசியால் குத்திக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழு. அவன் போனை அவளுடைய மூக்குக்கு முன்னால் நீட்டினான்.

"இது என்னடி?"

கழகத்தின் முகநூல் பக்கத்தில் வந்த படம். மன்னார் ஓட்டத்தின் முடிவுக் கோடு. சிவரூபி காற்சட்டையோடு முன்னால் சரிகிறாள், மெல்ரொன் அவளின் தோள்மூட்டுக்குக் கீழே தாங்கிப் பிடித்திருக்கிறான். கீழே சுமனின் கூட்டாளி ஒருவன் எழுதியிருந்தான்: 'சுமன்ர தங்கச்சி நல்லா ஓடுறா. ஆரோட எண்டு கேட்டுச் சொல்லு மச்சான்.'

"விழப் போனனான். பிடிச்சவர்," என்றாள் சிவரூபி. "விழுந்து மூக்குடைஞ்சிருந்தா உனக்குச் சந்தோசமோ?"

"இந்தக் கோலத்தில நிக்கிறாய்."

"சீலை உடுத்தே ஓடுறது? நீ சாறத்தோட டிப்பர் ஓடுறாய், நான் ஏதும் கேட்டனானோ?"

தர்மிளா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பற்றி அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. சிவரூபியின் வாய்க்கு அவன் பழகியவன். ஆனால் இரண்டு பெட்டையள் சேர்ந்து சிரித்தால் அவனுக்குத் தாங்காது.

தலைமயிரில் பிடித்து இழுத்தான். வாங்கில் கவிழ்ந்தது. அவள் பக்கவாட்டாக விழுந்தாள். உதைத்தான்.

குசினியிலிருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது: "கால்ல அடிக்காதடா. நாளைக்கு ஓடணுமாம்."

அவன் காலில் அடிக்கவில்லை. அம்மா சொல் தட்டாத பிள்ளை. இரண்டாவது உதை முதுகில். மூன்றாவது, அவள் திரும்பியபோது, இடது விலாவுக்குக் கீழே. நெல் மூட்டையை லொறியிலிருந்து தள்ளினால் வருமே, அந்தச் சத்தம். வெளியே செய்தி கேட்டுக்கொண்டிருந்த அப்பா ஆண்டியப்பன் வானொலிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

தர்மிளா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். அந்தக் குடியேற்றத்திலிருந்து போன முதல் பட்டதாரி. இறுதி வருசம் குடும்ப வன்முறை பற்றி எண்பத்திரண்டு பக்கத்தில் ஆய்வு எழுதினாள். கேள்விக்கொத்து, அட்டவணை, பரிந்துரைகள். அந்தப் புத்தகம் அலுமாரியின் மேல்தட்டில், அவளுடைய பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், அந்த அறையிலேயேதான் இருந்தது. அவள் செய்ததெல்லாம் சுமனின் ரீசேட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தது மட்டும். கிழிந்துவிட்டது. அதற்கு அம்மா தர்மிளாவைத்தான் ஏசினாள்.

*

சனிக்கிழமை ஓட்டம் முல்லைத்தீவுப் பக்கத்துக் காட்டுக்குள். இருபத்தைந்து கிலோமீற்றர். குளக்கட்டு, வண்டிப்பாதை, மணல், மறுபடியும் குளக்கட்டு. அந்த வருசப் பருவத்தின் ஐந்தாவது ஓட்டம் அது. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, கிளிநொச்சி நாலையும் சிவரூபி ஓடிவிட்டாள். பெண்களில் புள்ளி அவளுக்குத்தான் ஆகக் கூட. ஐந்தையும் முடித்தவர்களுக்குத்தான் சம்பியன் பட்டம். ஒன்றைத் தவறவிட்டால் நாலும் வீண். பட்டம் எடுப்பவளைக் கொழும்பில் ஒரு கொம்பனி தன் ஓட்ட அணிக்கு எடுக்கும், வேலையும் விடுதியும் கொடுக்கும். வேலையைப் பற்றி சிவரூபி பெரிதாகக் கதைத்ததில்லை. விடுதியைப் பற்றித்தான் கதைப்பாள். "தனி அறையாம் அக்கா. கதவுக்கு உள்பக்கம் கொண்டி இருக்காம்."

ஓட்டம் தொடங்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைப் பெண்கள் உடுப்பு மாற்ற விட்டிருந்தார்கள். மற்றவர்கள் வெளியே போனபிறகு சிவரூபி ரீசேட்டைத் தூக்கிக் காட்டினாள். விலாவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் கத்தரிக்காய் நிறம்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றாள் தர்மிளா.

"போனா ஆர் அடிச்சதெண்டு கேப்பாங்கள். சொன்னா பொலிசில எழுதுவாங்கள். எழுதினா அம்மா ஒப்பாரி வைப்பா. அவ வைச்சு முடிய சீசனும் முடிஞ்சிரும்." பையைத் திறந்து ஒரு துணியை எடுத்தாள். "மூச்சிழுக்கேக்கதான் குத்துது. இறுக்கிக் கட்டினாக் குத்தாது. கட்டு."

அம்மாவின் பழைய நூல்சேலையை நீளவாட்டில் கிழித்த துணி அது. செம்மஞ்சள், பச்சைக் கரை. மூன்று பிள்ளைகளையும் பெற்றபோது பேச்சியம்மா அதைத்தான் வயிற்றில் சுற்றிக் கட்டினாள். பிறகு அக்கம்பக்கத்தில் யார் பிள்ளை பெற்றாலும் அது அங்கே போய்த் துவைத்து மடிந்து திரும்பி வரும். எப்படிச் சுற்றுவது, எங்கே இறுக்குவது என்று அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்த்துப் பார்த்துத் தெரியும்.

தர்மிளா சுற்றினாள். முழங்காலைத் தங்கச்சியின் இடுப்பில் ஊன்றி இழுத்தாள்.

"மெல்ல. பிள்ளை பெத்தவளுக்குக் கட்டுற மாதிரியெல்லே கட்டுறாய்."

"ஓம், இண்டைக்குப் பெறப்போறாய். இருபத்தஞ்சு கிலோமீற்றர்."

"அப்ப இன்னும் இறுக்கு. நழுவி விழுந்திரும்."

இருவரும் சிரித்தார்கள். சிவரூபி சிரிப்பை நடுவில் நிறுத்தி, மேசையைப் பிடித்து, மூச்சை மெல்ல விட்டாள். துணியின் நுனிகள் கட்டையாக இருந்தன. கையால் இறுக்க வரவில்லை. தர்மிளா குனிந்து ஒரு நுனியைப் பல்லால் கவ்வி இழுத்து முடிச்சுப் போட்டாள். இரண்டு பனடோல் கொடுத்தாள். சிவரூபி குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள். குனியும்போது முகம் சுருங்கியதைத் தர்மிளா பார்த்தாள். பார்க்காத மாதிரி நம்பரை நேராக்கிவிட்டாள்.

பதினெட்டாவது கிலோமீற்றரில் தண்ணீர் கொடுக்கிற மேசையில் தர்மிளா நின்றாள். சிவரூபி முதலாவதாகத்தான் வந்தாள். ஆனால் உதட்டில் நிறமில்லை. முகத்தில் வேர்வையும் இல்லை. தண்ணீரைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, தோள் நோகுது. இடது தோள்."

"தோளோ? வயிறில்லையோ?"

"வயிறு தெரியேல்லை. தோள்தான்."

மெல்ரொன் சைக்கிளில் பின்னால் வந்தவன் அவளுடைய முகத்தைக் கண்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "சிவரூபி, காணும். நில். இதில இரு."

சிவரூபி தமக்கையைப் பார்த்தாள்.

"விடுங்கோ சேர்," என்றாள் தர்மிளா. "ஏழு கிலோமீற்றர்தானே. அவள் முடிப்பாள்."

அவன் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு விலகினான்.

இருபத்து நாலு தாண்டி, முடிவுக் கோட்டின் கொடிகள் தெரிகிற இடத்தில், அவள் ஓடுவதை நிறுத்தி நடந்தாள். பிறகு நின்றாள். பிறகு குளக்கட்டின் புல்லில் மெதுவாக, யாரோ இருக்கச் சொன்ன மாதிரி, இருந்தாள். விழவில்லை. இருந்தாள். மெல்ரொன் அவளை முதுகில் போட்டுக்கொண்டு றோட்டு வரைக்கும் ஓடினான். அம்புலன்சுக்குள் அவள் ஒரு தரம் கண் திறந்து, "கோடு தாண்டினனானோ?" என்று கேட்டாள். தர்மிளா ஓம் என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பிரேத பரிசோதனை. மண்ணீரல் கிழிந்து வயிறு நிறைய இரத்தம், இதற்கு இடது தோளும் நோகும் என்றார் டொக்டர். மரண விசாரணை அதிகாரி ராஜரத்தினம் ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு கேட்டார். பொறுமையான கிழவர்.

"விழுந்தவவோ? எங்கையும் அடிபட்டவவோ?"

சுமன் முந்தினான். "விழுந்தவள் ஐயா. காட்டுக்குள்ள கட்டையில தடக்கி விழுந்தவள். கிளப்பில ஒரு நாயும் பாக்கேல்லை. விழுந்தவள எழுப்பித் திருப்பி ஓட விட்டிருக்கிறாங்கள்."

"விழேல்லை ஐயா," என்றான் மெல்ரொன். "பதினெட்டில நான் பாத்தனான். உடுப்பில ஒரு மண் இல்லை."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா தர்மிளாவுக்குப் பக்கத்தில் நின்றாள். சிற்றூழியர் ஒருவர் அவளிடம்தான் உடுப்புப் பையைக் கொடுத்திருந்தார். ரீசேட், காற்சட்டை, சப்பாத்து, கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த துணி. பையைத் திறந்து அந்தச் செம்மஞ்சளைக் கண்ட கணமே பேச்சியம்மாவின் அழுகை நின்றுவிட்டது. ஒரு கையால் அதை உருவி மடிக்குள் சொருகினாள். தர்மிளா பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"பிள்ளை, நீ படிச்சனீ. அவவோட நீதானே போனனீ," ராஜரத்தினம் தர்மிளா பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதும் தெரியுமோ?"

அம்மாவின் நகங்கள் அவளுடைய மணிக்கட்டில் இறங்கின.

"தெரியாது," என்றாள் தர்மிளா.

ஒரு சொல். அதற்காக அவள் பதினேழு வருசம் படித்திருந்தாள்.

அவர் எழுதிக்கொண்டார். எரிக்கக் கூடாது, தாழ்க்கத்தான் வேணும், தேவையெண்டாத் திருப்பிக் கிண்டவேண்டி வரும் என்றார். மெல்ரொனை மாவட்டம் விட்டுப் போகவேண்டாம் என்றார். அந்த இரண்டாவது வசனம் போதும் சுமனுக்கு. அன்று பின்னேரத்துக்குள் ஜெயபுரம் முழுக்கக் கதை ஒன்றாகிவிட்டது: கடற்கரையான் ஓட விட்டுக் கொன்றுபோட்டான்.

*

இப்போது கம்பு மெல்ரொனின் தலையில் விழுந்தது. அவன் முழங்காலில் இருந்தான். பதக்கம் மண்ணில். கழகத்துப் பிள்ளை ராஜினி, "ஐயோ கொல்லப் போறாங்கள், ஆராவது பிடியுங்கோவன்!" என்று கத்தினாள். ஒருவன் அவளைத் தள்ளினான். கதிரைகள் உருண்டன. ஊர்ச் சனம் வேலிக்கரையில் நின்று பார்த்தது. மெல்ரொன் கையை ஓங்கவே இல்லை. அது சுமனுக்கு இன்னும் வெறியைக் கிளப்பியது. அவன் அடிக்கிற விதத்தைத் தர்மிளா பார்த்தாள். உண்மை தெரிந்தவனால்தான் அப்படி அடிக்க முடியும்.

அவள் குசினிக்குப் போனாள்.

பேச்சியம்மா அடுப்படியில் குந்தியிருந்தாள். அழவில்லை. இரண்டு கையும் அடிவயிற்றில்.

"துணியத் தாங்கோம்மா."

"எந்தத் துணி?"

"அவனை அங்க கொல்லுறாங்கள். தாங்கோ."

"ஊரான் புள்ளைக்கு நாலு அடி விழுந்தா ஆறிரும்டி. என் புள்ள செயிலுக்குப் போனா? ஒன்ன மண்ணுக்குக் குடுத்துட்டேன். இன்னொன்னையும் வாரிக் குடுக்கச் சொல்றியா? அவன் ஒருத்தன்தானடி மிச்சம்."

"அப்ப நான் ஆரம்மா?"

பேச்சியம்மா மடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

தர்மிளா அவள்மேல் பாய்ந்தாள். தாயின் மடியைப் பிடித்துக் கொய்யகத்தோடு இழுத்தாள். பேச்சியம்மா அவளுடைய கையைக் கடித்தாள், முகத்தைப் பிறாண்டினாள். முப்பது வருசம் மண்வெட்டி பிடித்த கை. சட்டி ஒன்று உருண்டு சாம்பலில் கவிழ்ந்தது. இருவரும் ஒரு சத்தமும் போடவில்லை. மூச்சு மட்டும். கடைசியில் துணி தர்மிளாவின் கையோடு வந்தது. கத்தரித்த இடத்தில் நூல் பிரிந்திருந்தது. முடிச்சு அப்படியே இருந்தது.

முற்றத்துக்கு வந்தபோது இடது கையில் துணி. வலது கையில் சப்பாத்து. அதை எங்கேயும் வைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சுமன் கம்பை மறுபடி ஓங்கியிருந்தான். அவள் குறுக்கே போய்ச் சப்பாத்தின் அடிப்பக்கத்தால் அவனுடைய வாயில் அடித்தாள்.

ஆம்பிளைக்குச் சப்பாத்தால்.

அவன் கம்பைப் போடாமலே மற்றக் கையால் அவளை அறைந்தான். விழுந்தாள். வாய்க்குள் மண்ணும் இரத்தமும். மண்ணில் கிடந்தபடியே சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் நீ உதைஞ்சனீ. மூண்டு தரம். மூண்டாவது இஞ்ச." தன் இடது விலாவை அமுக்கிக் காட்டினாள். "நான் இந்தத் துணியால இறுக்கிக் கட்டிப்போட்டு ஓட விட்டனான். சேர் நில்லெண்டு மறிச்சவர். நான்தான் விடச் சொன்னனான். அவள் ஒரு இடமும் விழேல்லை."

"இவளுக்கு விசர்," என்றான் சுமன். உதடு வெடித்திருந்தது. "படிச்சுப் படிச்சு மூளை கழண்டிட்டுது. பிடிச்சு உள்ள விடுங்கோடா."

வேலிக்கரையில் ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். "அண்ணன்காரன் தங்கச்சிக்கு அடிக்கிறதுதானே. அதுக்கு? இதெல்லாம் வீட்டுக்குள்ள கதைக்கிற கதை."

"ஓம்," என்றான் இன்னொருவன். "செத்த வீட்டில வந்து…"

"அம்மாவக் கேளுங்கோ," என்றாள் தர்மிளா.

எல்லாரும் திரும்பினார்கள். பேச்சியம்மா குசினி வாசலில் நின்றாள். சேலை அவிழ்ந்து, உள்பாவாடை தெரிய, கையெல்லாம் சாம்பல். அவள் சனத்தைப் பார்க்கவில்லை. தர்மிளாவைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தாள், அவனிடம் ஏதோ நியாயம் கேட்கிற மாதிரி.

"கால்ல அடிக்காதடான்னுதானடா நான் சொன்னேன்," என்றாள்.

சுமனின் கூட்டாளிகளில் ஒருவன் கவிழ்ந்த கதிரையை நிமிர்த்தி வைத்தான். பிறகு இன்னொன்றை. கம்பு எப்போது சுமனின் கையிலிருந்து விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

ஆண்டியப்பன்தான் எழும்பினார். "பெட்டியத் தூக்குங்க," என்றார். "நேரமாச்சு."

முன்பக்கத்தில் தோள் கொடுக்க வேண்டியவன் அண்ணன். அவன் வந்து நின்றான். பின்பக்கத்தில் நின்றவர்கள் தூக்காமல் நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு நீல ரீசேட் போட்ட பெடியள் நாலு பேர் உள்ளே போனார்கள். சுமன் விலகினான். ராஜினி மண்ணிலிருந்து பதக்கத்தையும் சப்பாத்தையும் எடுத்துத் துடைத்தாள். பெட்டிக்குள் பதக்கத்தையும், இடது காலுக்குப் பக்கத்தில், முடிச்சோடேயே, சப்பாத்தையும் வைத்தாள். விரல் கட்டும் துணியை வீரம்மா மடித்துத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

தப்பு மறுபடி தொடங்கியது. பெண்கள் படலையோடு நின்றார்கள். அதற்கு அப்பால் பெண்கள் போவதில்லை. தர்மிளா போனாள். பெட்டி போன பக்கம் இல்லை. கழகத்து வான் நின்ற பக்கம்.

*

வானின் பின் இருக்கையில் மெல்ரொன் தலையில் துவாயைப் பிடித்துக்கொண்டிருந்தான். துவாய் சிவந்து கையில் வழிந்தது. சாரதியிடம், "முதல்ல பொலிஸ். பிறகு ஆஸ்பத்திரி," என்றாள் தர்மிளா.

"எனக்காண்டிச் சொல்லியிருக்கத் தேவையில்லைப் பிள்ளை," என்றான் அவன். "எனக்கு ரெண்டு அடிதானே."

"உங்களுக்காண்டி இல்லை."

றோட்டோரம் அறுத்த வயல்களில் மாடுகள் நின்றன. வெயில் இன்னும் இறங்கவில்லை.

"பதினெட்டில நான் கையப் பிடிச்சு இருத்தியிருக்க வேணும்," என்றான்.

"ஓம்," என்றாள் அவள். "நானும்."

பொலிசில் ஒரு தமிழ் சார்ஜன் இருந்தார். மெல்ரொனின் தலையைப் பார்த்துவிட்டு முதலில் அடிதடி முறைப்பாடு என்று நினைத்து அதற்கான புத்தகத்தை எடுத்தார். தர்மிளா துணியை மேசையில் வைத்தாள். சொல்லத் தொடங்கினாள். வாங்கில், போன், படம், வானொலி. எத்தனை உதை, எந்தக் கால், எந்த இடம். வகுப்பறை. தண்ணீர் மேசை. தான் சொன்ன வசனம். அவர் நடுவில் பேனையை நிறுத்தி, "பிள்ளை, கடைசி ரெண்டையும் எழுத வேணுமெண்டில்லை," என்றார்.

"எழுதுங்கோ."

எழுதினார்.

"உங்கட முகத்தில ஆர் பிறாண்டினது?"

அவள் துணியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

கடைசியில் துணியைத் தூக்கிப் பார்த்தார். "இதின்ர நீள அகலம் பதிய வேணும். முடிச்சை அவிட்டாத்தான் அளக்கலாம்." நகத்தால் முயன்றார். பேனை மூடியின் நுனியால் நெம்பினார். அசையவில்லை. "ஆர் போட்ட முடிச்சு இது?"

"தாங்கோ," என்றாள் தர்மிளா.

விரலால் வரவில்லை. கடிபட்ட கை வீங்கியிருந்தது. அவள் மேசைமேல் குனிந்து, முடிச்சைப் பல்லில் கவ்வினாள்.

துணி உப்புக் கரித்தது.